இருக்க விருப்பம்தான்

அந்த லிப்டின் கதவு தானாக முழுசாய் மூடாது. மூடுகிற மாதிரி நல்ல பிள்ளையாய் வரும். கடைசியில் ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றுவிடும். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மீதித் தூரம் போகும். தட்டுவதற்கு ஓர் ஆள் தேவை என்பதால்தான் பிரேமிளாவுக்கு அந்த வேலை. காலையில் ஏறி நின்றாளானால் பின்னேரம் வரைக்கும் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. நோயாளி, நோயாளியைப் பார்க்க வருகிறவர், டொக்டர், சாப்பாட்டு வண்டி, அழுக்குத் துணி மூட்டை எல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"எத்தனாவது மாடிங்க?" என்று தமிழில் கேட்பாள், அப்படியே சிங்களத்திலும் கேட்பாள். பூங்கொத்தோடு வருகிறவர் மூன்றாம் மாடிக்கு, பிரசவ வாட்டுக்கு. வெறும் வயிற்றோடு முகம் சுருங்கி வருகிறவர் இரண்டாம் மாடிக்கு, பரிசோதனைக்கு இரத்தம் குடுக்க. கேட்காமலே தெரியும். இருந்தாலும் கேட்பாள். யாராவது ஒருத்தர் தங்களிடம் பேசினால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

கண்டியில் அது முன்பு ஒரு டொக்டரின் சொந்த நேர்சிங் ஹோம். அப்போது லிப்டுக்குள் ஒரு முக்காலி இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன் கொழும்புக் கம்பனி ஒன்று ஆஸ்பத்திரியை வாங்கியது. நாடெங்கும் கிளை உள்ள பெரிய கம்பனி. வந்தவர்கள் சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள், எல்லோருக்கும் புது உடுப்புத் தைத்துக் குடுத்தார்கள், சம்பளத்தை மாதம் தவறாமல் வங்கியில் போட்டார்கள். அதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. கூடவே அந்த முக்காலியையும் எடுத்துவிட்டார்கள். நோயாளர் கண்ணில் படுகிற ஊழியர் அமர்ந்திருக்கக் கூடாது என்பது கம்பனியின் சட்டமாம். முக்காலி இப்போது வாசல் மண்டபத்தில் இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று சுகமாய் உட்கார்ந்திருக்கிறது.

முக்காலி போன இடத்துக்கு மேலே ஒரு படம் வந்தது. நான்காம் மாடியில் நடக்கும் நரம்புக் கிளினிக்கின் விளம்பரம். "நீண்ட நேரம் நின்று வேலை செய்பவரா நீங்கள்? உங்கள் கால்கள் ஏதோ சொல்ல விரும்புகின்றன" என்று மூன்று மொழியில் எழுதி, வெள்ளைக் கோட்டு டொக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிரேமிளாவின் கால்கள் சொல்ல விரும்பும் கட்டத்தைத் தாண்டிச் சத்தம் போடத் தொடங்கியிருந்தன. இடது கெண்டைக்காலில் நரம்பு பயற்றங்காய் மாதிரி நெளிந்து புடைத்திருந்தது. பின்னேரமானால் கணுக்கால் வீங்கிச் சப்பாத்துக்குள் அடங்காது.

படத்தில் சிரிக்கிற டொக்டரே தினமும் அதே லிப்டில்தான் போவார். நல்ல மனிதர். ஒருநாள் இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "இடைக்கிடை இருந்து வேலை செய்யணும். இப்படியே நின்டா புண் வரும். பிறகு நிக்கவே ஏலாமப் போகும்" என்றார். உட்காரத்தானே சொல்கிறார் என்று பிரேமிளா தலையாட்டினாள். இறங்கும்போது அவர் கதவடியில் நின்று, "எங்க இருக்கிறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரிக் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குக் கணேஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். கணேஸ் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போகிறவன். அவளைப் போலவே அம்பிட்டிய பக்கம்; ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், அந்த பஸ்ஸிலும் நின்றுகொண்டே. நோயாளியை இறக்கிவிட்டு வெறும் நாற்காலியோடு திரும்பும்போது லிப்டுக்குள் வந்து, "ஏறி இருங்க அக்கா, அஞ்சாவது மாடி வரைக்கும் போய் வருவோம்" என்பான். அஞ்சாம் மாடியில் அவனுக்கு எந்த வேலையும் இருக்காது. பிரேமிளா நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டிக் கதவைத் தட்டுவாள். மேலே கதவு திறந்தால் ஜன்னல் வழியாக வாவியும், மலைமேல் வெள்ளைப் புத்தரும் தெரியும். "இருந்துக்கிட்டுப் பார்த்தா புத்தர்கூட அழகாத்தான் தெரியிறாரு. அவரும் இருக்காரு பாரு" என்பாள்.

அந்தச் சுகம் ஒரு மாதம்தான் நீடித்தது. லிப்டின் கூரையில் கமரா இருந்தது. மனேஜர் நிரஞ்சன் இருவரையும் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, ஆனால் எதைச் சொன்னாலும் கொழும்பு சொல்கிற மாதிரிச் சொல்வார்.

"நோயாளிட கதிரையில ஸ்டாப் ஆக்கள் இருக்கிறது பெரிய பிழை. இந்த முறை நான் மேல அறிவிக்கல்ல. திரும்ப நடந்தா எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது." பிறகு குரலைத் தணித்தார். "நிக்க ஏலாட்டிச் சொல்லுங்க பிரேமிளா. வேற ஆள் பார்க்கிறோம். கதவத் தட்ட எல்லாருக்கும் கை இருக்குதுதானே."

அன்றைக்குப் பின் பிரேமிளாவுக்குக் கால் வலியைவிடப் பயம்தான் கூடுதலாய் இருந்தது. கல்யாண வயதில் ஒருத்தி, படிக்கிற வயதில் ஒருத்தி என்று வீட்டில் இருவர். வேலை போகாமல் இருக்கக் கால் வேண்டும். கால் போகாமல் இருக்க ஒரு கதிரை வேண்டும். விசயம் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'ஊழியர் குரல் வாரம்' வந்தது.

கம்பனியில் வேலை செய்வதைப் பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நேரில் கேட்கக் கொழும்பிலிருந்து சுபாஜினி மிஸ் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது, உண்மையாகவே கேட்கிற முகம். முதல்நாள் நிரஞ்சன் எல்லோரையும் கூட்டி, "பயப்படாம உண்மையச் சொல்லுங்க. நல்ல உண்மையாச் சொல்லுங்க" என்று அறிவுரை வழங்கினார்.

கன்டீனில் மேசை போட்டு இருந்தாள் சுபாஜினி. முதலில் போனது கணேஸ்.

"ஏசி நல்லம் மிஸ். சித்திரை வெயிலுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வராது. சப்பாத்து மட்டும் கடிக்கிது. கம்பனிக்காரங்க எல்லாருக்கும் ஒரே அளவுக் கால்னு நெனச்சிட்டாங்க."

அடுத்தது ரபீகா. வாட்டுகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுபோகிறவள், கெலிஓயாவிலிருந்து வருகிறாள். பிரேமிளாவின் கூட்டாளி.

"எல்லாம் நல்லம்தான் மிஸ். பகல் சோத்துல உப்பு மட்டும் இல்ல. உப்புப் போட வாணாம்னு டொக்டர்மார் சொல்றது நோயாளிக்கி. அத எங்களுக்கும் சேத்துப் போடாம ஈக்காங்க."

சுபாஜினி வாய்விட்டுச் சிரித்து, மடியிலிருந்த கணினிப் பலகையில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டாள்.

பிரேமிளா வந்தபோது அவசரம். லிப்டைப் பாதுகாப்பு ஊழியரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அவர் தட்டுகிற தட்டில் கதவு பயந்து திறந்தபடியே நின்றுவிடும்.

"இருங்கோ அக்கா. ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு இந்தக் கொம்பனியில தொடர்ந்து இருக்க விருப்பமோ?"

பிரேமிளா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாய் நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை இந்தப் பிள்ளை எப்படி இவ்வளவு நேராய்க் கேட்கிறது என்று நினைத்தாள்.

"இருக்க விருப்பம்தாங்க மிஸ். ரொம்ப விருப்பம். நிக்கிறதுக்கு எடம் குடுத்திருக்காங்க, இருக்கத்தான் எடமில்ல."

சுபாஜினியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு ஆழமாச் சொல்லுறீங்கள் அக்கா" என்றாள்.

"ஆழமெல்லாம் இல்லீங்க. எனக்குன்னு ஒரு கதிரை குடுத்தாப் போதும், காலம் பூரா இங்கயே இருப்பேன்."

சொல்லி முடித்ததும் மேலேயிருந்து யாரோ மணி அடிக்கிற சத்தம் கேட்டது. பிரேமிளா ஓடினாள். சுபாஜினி லிப்டில் ஏறுகிறவள் இல்லை. உடம்புக்கு நல்லது என்று படியில்தான் ஏறி இறங்குவாள். பிரேமிளா சொன்னதை அவள் மனமுருகி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். கொழும்பில் அதைப் படித்தவர்களும் மனமுருகினார்கள்.

மூன்று கிழமை கழித்துக் காலைக் கூட்டத்தில் நிரஞ்சன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அறிவித்தார். "ஒரு சந்தோசமான செய்தி. கண்டியில இருந்து போன கோரிக்கைகளுக்குள்ள ஒண்ட ஹெட் ஒபிஸ் உடனே ஏத்துக்கிட்டிருக்கு. நம்ம பிரேமிளாவுக்கு சீட் கிடைச்சிருக்கு. அடுத்த மாசத்திலிருந்து."

எல்லோரும் கை தட்டினார்கள். பிரேமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டால் கிடைக்கும் என்று தெரியாமல் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு நின்றோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று பின்னேரமே லிப்டின் மூலையைத் தேய்த்துக் கழுவினாள். தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்த கொளுக்கியைக் கழற்றினாள். நீளத்தையும் அகலத்தையும் சாணால் அளந்து, நோயாளிக் கட்டில் ஏற்றினாலும் இடிக்காது என்று உறுதி செய்துகொண்டாள். வருகிறது முதுகு சாய்கிற கதிரையா, வெறும் முக்காலியா என்று கணேசுக்கும் ரபீகாவுக்கும் விவாதம் நடந்தது.

"கம்பனி குடுக்கிறதுன்னா சில்லு வச்சதாத்தான் வரும் அக்கா. லிப்டு நிக்கிறப்ப நீங்க அப்பிடியே உருண்டு வெளிய வந்துருவீங்க" என்றான் கணேஸ்.

"எந்தக் கதிரை வந்தாலும் வெறுமனே இருந்தாச் சுடும்" என்ற ரபீகா, தன் தங்கச்சியிடம் சொல்லி ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொண்டுவந்தாள். சிவப்புத் துணியில் மஞ்சள் பூ. நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா. ஆஸ்பத்திரியின் பச்சைக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். பிரேமிளாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாதம் பிறந்தது, கதிரை வரவில்லை. சாமான் லொறி வந்த ஒவ்வொரு நாளும் எட்டி எட்டிப் பார்த்தாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் நிரஞ்சனை லிப்டுக்குள் பிடித்துக்கொண்டாள்.

"சேர், என் சீட்டு எப்ப வரும்?"

"வாற செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு."

"யாரு கொண்டு வருவாங்க?"

"யாரும் கொண்டு வரமாட்டாங்க. நீங்கதான் மேல போகணும். அஞ்சாவது மாடி, மீட்டிங் ரூம்." நிரஞ்சன் அவளுடைய முகத்தைப் பார்த்து விளக்கினார். "ஊழியர் ஆலோசனைக் கொமிட்டியில உங்களுக்கு ஓர் ஆசனம். முழு இலங்கையிலயும் லிப்ட் வேலை செய்ற ஒராளுக்குக் கொமிட்டியில சீட் கிடைச்சிருக்கிறது இதுதான் முதல் தடவை. பெருமைப்படுங்க."

அவர் இறங்கிப் போனார். பிரேமிளா கழுவித் துடைத்த மூலையைப் பார்த்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது; சிரிப்பு முந்திக்கொண்டது. அடுத்த மாடியில் தேநீர் வண்டியோடு ஏறிய ரபீகாவிடம் விசயத்தைச் சொல்ல முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விளங்கியதும் ரபீகாவும் சேர்ந்துகொண்டாள். தேநீர்க் கோப்பைகள் கலகலவென்று ஆடின.

"அப்ப இந்த மெத்தை?" என்றாள் ரபீகா கண்ணைத் துடைத்தபடி.

"கொண்டுபோறேன். கொமிட்டியில சொல்லி வாங்காம வரமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை லிப்டைக் கணேசிடம் ஒப்படைத்தாள். எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் குடுத்தாள். மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே போனாள்.

மீட்டிங் ரூமில் நீள மேசை. சுற்றிலும் கறுப்புத் தோல் கதிரைகள். ஒன்றின் முன்னால் அவள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். மெத்தையைப் போட்டு இருந்தாள். கதிரை அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மெல்ல வழுக்கிப் பின்னால் போனது. மேசையைப் பிடித்து நிறுத்தினாள். கணேஸ் சொன்ன மாதிரிச் சில்லு வைத்ததுதான். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கம்பனியின் போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து இரண்டு மூன்று படம் எடுத்தார். மேசைக்கு அடியில் சப்பாத்தைக் கழற்றிக் கம்பளத்தில் பாதத்தை வைத்தாள். முழங்காலுக்குக் கீழே இரத்தம் இறங்கி ஏறுவது தெரிந்தது. இந்த ஒரு மணித்தியாலமாவது மாதா மாதம் கிடைக்கும் என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள்.

சுவரில் பெரிய திரையில் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் பேசினார். சுபாஜினி பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். சுற்றி வந்து பிரேமிளாவின் முறை வந்தபோது அவள் எழும்பப் போனாள்.

"இருந்துகொண்டே கதையுங்கோ அக்கா."

"இருந்துக்கிட்டே பேசுறதுக்குத்தான் மிஸ் வந்தேன். லிப்டுக்குள்ள இருக்க ஒரு கதிரை வேணும். வேற ஒண்ணும் வேணாம். கால் ஏலாமப் போகுது."

சுபாஜினி மொழிபெயர்க்கவில்லை. கண் விரிந்து, முகம் சிவந்து, குனிந்து ரகசியமாய்க் கேட்டாள். "அப்ப நீங்கள் அண்டைக்குக் கேட்டது இருக்கிற கதிரையே?"

"பின்ன? கதிரைன்னா கதிரைதானே மிஸ்."

"ஐயோ அக்கா. நான் வேற மாதிரி விளங்கி எழுதிப்போட்டன்." நல்ல பிள்ளை, மூடி மறைக்கவில்லை. திரையைப் பார்த்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய கை காலைக் காட்டியது, பிறகு தன் நெஞ்சைக் காட்டியது. நிரஞ்சன் மேசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்புக்காரர் சிரித்தார், தலையாட்டினார், நெடுநேரம் பேசினார்.

"உங்கட வெளிப்படையான பேச்சு அவருக்கு நல்லாப் பிடிச்சிருக்காம்" என்றாள் சுபாஜினி. குரல் இறங்கியிருந்தது. "நோயாளருக்கு முன்னால அமரக் கூடாது எண்டது எல்லாக் கிளைக்கும் பொதுவான சட்டமாம். வாற வருசம் அந்தச் சட்டத்தப் பற்றி யோசிப்பினமாம்."

"கால் வாற வருசம் வரைக்கும் யோசிக்காதுங்க மிஸ்" என்று பிரேமிளா சொன்னாள். அதை மொழிபெயர்ப்பதற்குள் வெளியே ஒரே சத்தம்.

கணேஸ் தட்டிய தட்டில் லிப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கணேசும், நரம்பு டொக்டரும், ரபீகாவின் தேநீர் வண்டியும். பிரேமிளா சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடி, வெளிக்கதவில் காதை வைத்து, "கீழ் பக்கமாத் தட்டு கணேசு, கோபமாத் தட்டாத" என்று கத்தி ஒருவழியாய் இறக்கினாள். டொக்டர் கையில் தேநீரோடு சந்தோசமாகவே வெளியே வந்தார். ஆனால் மேலே கொமிட்டி அதைச் சந்தோசமாய் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் நிரஞ்சன் வந்து சொன்னார். "லிப்ட விட்டுட்டு நீங்க வாறது சரிவராது. அதனால கொமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கு. சீட் உங்கட பேரிலயே இருக்கும். நீங்க வரத் தேவையில்ல."

"சீட்டு இருக்கும், நான் இருக்கமாட்டேன்."

"அப்பிடித்தான்" என்றார் நிரஞ்சன். சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ மாதிரி இருந்திருக்க வேண்டும். அவளுடைய கணுக்காலை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியால் இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். நரம்புக் கிளினிக் விளம்பரத்தைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் புதுப் படத்தை மாட்டினார்கள். பிரேமிளாதான் படத்தில். கறுப்புத் தோல் கதிரையில் சாய்ந்து, மேசையைப் பிடித்தபடி வாய் நிறையச் சிரிக்கிறாள். ஓரத்தில் ரபீகாவின் மஞ்சள் பூ எட்டிப் பார்க்கிறது. கீழே மூன்று மொழியில் எழுத்து: "இங்கே எல்லோருக்கும் ஓர் ஆசனம் உண்டு."

"கொடுத்து வச்சவங்க அக்கா அவங்க. கால் வலிக்கவே வலிக்காது" என்றான் கணேஸ் படத்தைக் காட்டி. பிரேமிளா சிரித்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மத்தியானம் ரபீகா வந்து, எல்லாக் கிளைக்கும் இதே படம் போயிருக்கிறது, தன் தங்கச்சி தைத்த மெத்தை இப்போது கொழும்பிலும் தொங்குகிறது என்று சொல்லி ஒரு கோப்பை தேநீர் கூடுதலாய் ஊற்றிக் குடுத்தாள். பிரேமிளா நின்றபடி குடித்தாள்.

பின்னேரம், கால் வீங்குகிற நேரம், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா ஏறினார். இரத்தம் குடுக்க வந்தவர். முகத்தில் பயம் அப்பியிருந்தது. சுவரில் சாய்ந்தவர் படத்தைப் பார்த்தார், பிரேமிளாவைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"கதிரையில நல்லா இருக்கீங்க."

பிரேமிளா இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றாள். கதவு வந்து ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றது. உள்ளங்கையால் தட்டினாள்.

"எத்தனாவது மாடிங்க?"